பெட்டியை எந்த ஊரில் இறக்குவது?

"ஏங்கண்ணு, நாளைக்கும் இங்கயே படுக்கறமா, இல்ல மறுபடியும் பெட்டி கட்டோணுமா?"

திருநள்ளாற்றில் லாட்ஜ் கட்டிலில் உட்கார்ந்து, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே அத்தை கேட்டார். அத்தை என்றால் என் மாமியார். வயது 76, சர்க்கரை, இரண்டு முழங்காலிலும் வலி. கோவையிலிருந்து ஆறு நாள் நவக்கிரகக் கோயில் சுற்ற வந்திருந்தோம். திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், வைத்தீஸ்வரன்கோயில், திருநள்ளாறு என்று ஐந்து இரவுக்கு ஐந்து ஊர், ஐந்து லாட்ஜ். போகிற வழியிலேயே தங்கிக்கொண்டால் திரும்பி வருகிற அலைச்சல் மிச்சம் என்று நானேதான் திட்டம் போட்டேன். அத்தை குறையாகச் சொல்லவில்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குத்தான் மனசு பிசைந்தது.

அதற்குப் பிறகு இரண்டு சுற்றுலா போய்விட்டோம். ஒன்று கும்பகோணத்தில் ஒரே லாட்ஜில் ஐந்து இரவு தங்கியது. இன்னொன்று மதுரை, ராமேஸ்வரம், கன்னியாகுமரி. மூன்றிலும் நான் ஒரு நோட்டில் நேரம், கிலோமீட்டர், செலவு எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். வயதானவர்களைக் கோயிலுக்கு அழைத்துப் போகிறவர்கள் எங்கே தங்குவது என்று முடிவு செய்ய அந்த நோட்டிலிருந்து உதவும் என்று நினைப்பதை எழுதுகிறேன்.

ரூம் மாற்றினால் எவ்வளவு நேரம் போகிறது

முதல் பயணத்தில் கும்பகோணத்தை விட்டு வைத்தீஸ்வரன்கோயிலுக்குக் கிளம்பிய நாளை அப்படியே சொல்கிறேன். எழுந்தது 5.30. ஆறு பேருக்கும் குளியல், முந்தின நாள் துவைத்துப் போட்ட ஈரத்துணியைத் தனிக் கவரில் கட்டுவது, கட்டிலுக்கு அடியில், பாத்ரூம் கொக்கியில், சார்ஜர் பாயிண்டில் ஏதாவது விட்டுப்போனதா என்று பார்ப்பது. பெட்டி, பை, தண்ணீர் கேன், தின்பண்டக் கூடை, அத்தையின் கைத்தடி என்று மொத்தம் 11 உருப்படி. அதைக் கீழே இறக்கி, நாலு பெட்டியை வண்டி மேலே ஏற்றி, தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டி, ரிசப்ஷனில் பில் முடித்து, டிபன் சாப்பிட்டு வண்டி நகர்ந்தபோது மணி 8.50.

கோயில் நடை பகல் 12 மணி, 12.30 வாக்கில் சாத்திவிடுவார்கள். திரும்பத் திறப்பது 4 மணிக்கு. அப்படியானால் காலையில் எங்களுக்குக் கையில் இருந்தது மூன்று மணி நேரம்தான், அதிலும் பாதி ரோட்டில் போனது. அதே கும்பகோணத்தில் ஒரே ரூமில் தங்கிய பயணத்தில் 5 மணிக்கு எழுந்து 6.05க்கு வண்டியில் இருந்தோம். கையில் ஒரு பை, ஒரு தண்ணீர் பாட்டில், அத்தையின் மருந்து டப்பா. அவ்வளவுதான் எடுக்க வேண்டியிருந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. புது ஊரில் ரூம் சாவி கையில் வர ஆதார் நகல், ரெஜிஸ்டரில் எல்லோர் பெயரும், எக்ஸ்ட்ரா பெட் கேட்பது, வெந்நீர் எத்தனை மணி வரை வரும் என்று விசாரிப்பது. இது ஒரு முக்கால் மணி நேரம். காலையும் மாலையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால், ஆறு பேர் கொண்ட குடும்பம் ஒரு ரூம் மாற்றினால் மூன்று மணி நேரம் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர் ஆளுக்கொரு பையோடு போனால் இதில் பாதிகூட ஆகாது. அவர்களுக்கு நான் சொல்கிற பல விஷயம் பொருந்தாது.

நேரத்தைவிட என்னைப் பாதித்தது தஞ்சாவூரில் நடந்தது. அத்தையின் திறக்காத இன்சுலின் பேனாக்களை லாட்ஜ் ரிசப்ஷன் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லிக் கொடுத்திருந்தேன். காலை அவசரத்தில் வாங்க மறந்துவிட்டேன். கையில் இருந்த பேனாவும் அன்றைக்குத்தான் தீர்ந்தது. கும்பகோணத்தில் இரவு 8 மணிக்கு ஊசி போட எடுக்கும்போதுதான் தெரிந்தது. நல்லவேளை, டாக்டர் சீட்டைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். என் கணவர் மூன்று மெடிக்கல் ஏறி இறங்கி வாங்கி வந்தார். அதுவரை அத்தை சாப்பிடாமல் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டிய மருந்து ஒருவருக்கு இருந்தாலே, ஊரூராக ரூம் மாற்றுவதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசியுங்கள்.

முதல் கேள்வி: அந்த ஊரில் என்ன நேரத்தில் இருக்க வேண்டும்

போக நினைக்கிற ஊர்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்த நேரத்துக்கு அங்கே நிற்க ஆசைப்படுகிறீர்கள் என்று எழுதுங்கள். பகலில் பார்த்தால் போதும் என்கிற ஊர்களுக்கு இன்னொரு ஊரிலிருந்து போய் வரலாம். விடியலுக்கு முன்னாலோ இரவு 9 மணிக்கு மேலோ இருக்க வேண்டிய ஊர் என்றால் அங்கேயே படுக்க வேண்டும். நான் மற்றதெல்லாம் பார்ப்பது இதற்குப் பிறகுதான்.

மதுரையில் இரவு பள்ளியறைக்குச் சுவாமி எழுந்தருளுவதைப் பார்க்க வேண்டுமா? மதுரையில் படுங்கள். சிதம்பரம் அர்த்தஜாமம், அதாவது ராத்திரி கடைசிப் பூஜை, இரவு 10 மணியை ஒட்டி நடக்கும், அங்கிருந்து கும்பகோணம் 70 கிலோமீட்டருக்கு மேல். நடு இரவில் அந்தக் கிராமத்து ரோட்டில் வர வேண்டாம், அங்கேயே தங்குங்கள். திருவாரூரில் பேர்போனது சாயரட்சை. சாயங்காலம் 6 மணி பூஜை பார்த்துவிட்டுக் கமலாலயக் குளக்கரையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பினாலும் 40 கிலோமீட்டர்தான், சாப்பாட்டு நேரத்துக்குக் கும்பகோணம் வந்துவிடலாம். கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்காமல் திரும்ப யாருக்கும் மனசு வராது, அதனால் அங்கே ஒரு இரவு கட்டாயம். சனிக்கிழமை விடியற்காலை நளதீர்த்தத்தில் முழுகிச் சனீஸ்வரரைப் பார்க்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டவர்கள் வெள்ளிக்கிழமை இரவே திருநள்ளாறு போய்விடுவது நல்லது. நாங்கள் இரண்டாம் தடவை செவ்வாய்க்கிழமை போனோம், கூட்டம் கம்மி, கும்பகோணத்திலிருந்தே போய் வந்தோம்.

ராமேஸ்வரத்தில் நான் செய்த தவறையும் சொல்ல வேண்டும். கும்பகோணம் தந்த தைரியத்தில், மதுரையிலேயே மூன்று இரவு தங்கிக்கொண்டு ராமேஸ்வரத்தை ஒரே நாளில் போய் வந்துவிடலாம் என்று ரூம் போட்டேன். மதுரையிலிருந்து 170 கிலோமீட்டர். காலை 4 மணிக்குக் கிளம்பியும், ஸ்படிக லிங்க தரிசனம் விடியற்காலையிலேயே முடிந்துவிட்டது. அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடிய பிறகு ஈரத்துணியோடு மூலவர் சன்னதிக்குப் போக விடமாட்டார்கள், உடை மாற்ற வேண்டும். ரூம் இல்லாமல் அத்தையை எங்கே உடை மாற்ற வைப்பது? நாத்தனாரும் நானும் ஆளுக்கு ஒரு சேலையைத் திரை மாதிரி பிடித்து நின்றோம். அத்தை ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு மாற்றினார். ராமேஸ்வரத்தில் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு இரவு தங்குவது எந்தக் கணக்கிலும் வீண் செலவு கிடையாது. தனுஷ்கோடியும் அடுத்த நாள் வெயிலுக்கு முன்னால் பார்க்கலாம்.

ஊர்கள் சுற்றி இருக்கின்றனவா, வரிசையாக இருக்கின்றனவா

அடுத்தது மேப்பைப் பார்ப்பது. கும்பகோணத்தைச் சுற்றி எல்லாத் திசையிலும் கோயில். மேற்கே சுவாமிமலை, திங்களூர், திருவையாறு, தஞ்சாவூர். கிழக்கே சூரியனார்கோயில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம். தெற்கும் தென்கிழக்கும் ஆலங்குடி, திருவாரூர், திருநள்ளாறு. வடக்கே அணைக்கரைப் பாலம் தாண்டி கங்கைகொண்ட சோழபுரம், 35 கிலோமீட்டர். ஊருக்குப் பக்கத்திலேயே திருநாகேஸ்வரம், ஒப்பிலியப்பன், பட்டீஸ்வரம், தாராசுரம். இப்படி நடுவில் ஒரு ஊர் அமைந்தால் அங்கே பெட்டியை இறக்கிவிட வேண்டியதுதான்.

மதுரை, ராமேஸ்வரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி அப்படி இல்லை. ஒன்றிலிருந்து அடுத்தது என்று நீண்டு போகிற பாதை. மதுரையிலிருந்து கன்னியாகுமரி 240 கிலோமீட்டருக்கு மேல். இங்கே ஒரே இடத்தில் தங்கினால் போன ரோட்டிலேயே திரும்பத் திரும்ப ஓட வேண்டும். அதனால் ரூம் மாற்றித்தான் போக வேண்டும்.

தூரத்தைக் கிலோமீட்டரில் பார்க்காமல் மணியில் பாருங்கள். காவிரிக் கரை ரோடுகள் குறுகல். ஊருக்கு ஊர் பஸ் நிற்கும், அறுவடைக் காலத்தில் ரோட்டிலேயே நெல் காயும், முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் போகும். எங்கள் நோட்டுப்படி அந்தப் பக்கம் மணிக்கு 35 கிலோமீட்டர் போனால் பெரிய விஷயம். வைத்தீஸ்வரன்கோயில் 50 கிலோமீட்டர் என்றாலும் ஒன்றரை மணி நேரம். வயதானவர்கள் இருந்தால் ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம் என்பதை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டுகிற ஊர் ஒன்றே ஒன்று என்றால் ஒரு நாள் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று இருந்தால் இன்னொரு தங்கும் ஊர் தேவை.

நாங்கள் கும்பகோணத்தில் ஒரு நாள் தூரம், ஒரு நாள் பக்கம் என்று மாற்றி மாற்றி வைத்தோம். முதல் நாள் கிழக்கே ஐந்து கோயில், முழு நாள். மறுநாள் காலை கங்கைகொண்ட சோழபுரம் மட்டும் போய்விட்டு மதியம் ரூமில் சாப்பாடு, தூக்கம், சாயங்காலம் 4.30க்குத் தாராசுரம். அன்றைக்கு அத்தை நன்றாகத் தூங்கி எழுந்திருந்தார். சாய்வு வெயில் தூண்களில் விழுந்து, சின்னச் சின்னச் சிற்பமெல்லாம் தனித்தனியாக எழுந்து தெரிந்தது. யானையும் காளையும் ஒரே தலையில் சேர்ந்திருக்கிற சிற்பத்தின் முன்னால் அத்தை நின்று, ஒரு கையால் காளை உடம்பை மறைத்து யானையைப் பார்த்தார், அப்புறம் யானை உடம்பை மறைத்துக் காளையைப் பார்த்தார். என் மகனைக் கூப்பிட்டு அவனுக்கும் காட்டினார். முதல் பயணத்தில் இதே தாராசுரத்தில் அவர் வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

நடை சாத்தியிருக்கிற அந்த நாலு மணி நேரத்துக்குத் திரும்பிப் போக ஒரு கட்டில் இருக்கிறதா என்பதுதான் கோயில் சுற்றுலாவில் பெரிய வித்தியாசம். அதனால் பக்கத்துக் கோயில்களை ஒரே நாளில் அள்ளிக்கொள்ளாமல், தூரத்து நாளுக்கு அடுத்த நாளாகப் பிரித்து வையுங்கள். ஒன்பது கோயிலையும் ஒரே நாளில் முடிக்க 2024 முதல் கும்பகோணத்திலிருந்து அரசு பஸ்ஸே விடுகிறார்கள். உடம்பில் தெம்பு இருக்கிறவர்களுக்கு நல்ல ஏற்பாடு. அத்தையை நான் அதில் ஏற்ற மாட்டேன்.

செலவுக் கணக்கு

ஒரே ஊரில் தங்கினால் வண்டி அதிகம் ஓடும், செலவு ஏறும் என்று பயந்தேன். கணக்குப் போட்டபோது அப்படி ஆகவில்லை. வெளியூர் வாடகை வண்டிக்குப் பல டிராவல்ஸில் நாளொன்றுக்குக் குறைந்தபட்சக் கிலோமீட்டர் உண்டு. ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதற்குக் காசு. எங்களுக்கு 250 கிலோமீட்டர். ஆறு நாளைக்கு 1,500. கோவையிலிருந்து கும்பகோணம் போய் வர 620, அங்கே சுற்றியது 440, ஆக மொத்தம் 1,060தான். ரூமுக்குத் திரும்பத் திரும்ப வந்ததெல்லாம் ஏற்கெனவே காசு கொடுத்த கிலோமீட்டருக்குள் அடங்கிவிட்டது. சொந்த வண்டி என்றால் பெட்ரோல் மட்டும் கொஞ்சம் கூடும். வண்டி பேசும்போதே குறைந்தபட்சம் எவ்வளவு, டிரைவர் பேட்டா எவ்வளவு, இரவு ஓட்டினால் தனியா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்து இரவும் சேர்த்துப் பேசியதால் ஒரு ரூமுக்கு நாளைக்கு 200 ரூபாய் குறைத்தார்கள். இரண்டு ரூமுக்கு 2,000 ரூபாய் மிச்சம். கேட்காமல் யாரும் குறைப்பதில்லை, கேளுங்கள்.

டிரைவரையும் யோசியுங்கள். ஐந்து ஊரில் ஐந்து லாட்ஜ் போட்டபோது மூன்று இடத்தில் டிரைவர் தம்பிக்குப் படுக்க இடம் இல்லை, வண்டிக்குள்ளேயே கொசுவோடு தூங்கினார். காலையில் அவர் கண்ணைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. அவரை நம்பித்தானே ஆறு உயிர் உட்கார்ந்திருக்கிறது? டிரைவர் தங்க ரூம் உண்டா, குளிக்க வசதி உண்டா என்று கேட்காமல் இப்போதெல்லாம் நான் எங்கேயும் முன்பணம் அனுப்புவதில்லை.

இரண்டும் கலந்து

பல சமயம் இது அல்லது அது என்று இருக்காது. இரண்டாம் பயணத்தில் எனக்கும் என் கணவருக்கும் சிதம்பரம் அர்த்தஜாமம் பார்க்க ஆசை. கும்பகோணம் ரூமை விடாமல், ஒரே ஒரு பையோடு பஸ்ஸில் போய் அங்கே ஒரு இரவு தங்கிக் காலையில் திரும்பினோம். அத்தை, மகன், நாத்தனார், அவர் வீட்டுக்காரர் எல்லோரும் கும்பகோணத்திலேயே இருந்தார்கள். அவர்கள் சாவகாசமாகக் கும்பேஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு, டிகிரி காபி குடித்துவிட்டு வந்து படுத்துவிட்டார்கள். சிதம்பரம் ரூமுக்கு 1,100 ரூபாய் கூடுதல், அவ்வளவுதான். நிலையாக ஒரு ரூம் இருந்தால் எல்லோரும் எல்லா இடத்துக்கும் போக வேண்டிய கட்டாயம் இல்லாமல் போகிறது. பெரியவர்கள் இன்றைக்கு முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லவும் அதுதான் இடம் கொடுக்கிறது. பெட்டி கட்டி வைத்திருக்கும்போது அவர்களால் அதைச் சொல்ல முடியாது.

எட்டு, பத்து நாள் பயணம் என்றால் இரண்டு ஊர் வைத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்குக் கும்பகோணத்தில் நாலு இரவு, மதுரையில் மூன்று இரவு. நடுவில் ஒரே ஒரு தடவைதான் பெட்டி கட்ட வேண்டும்.

போனில் கேட்க வேண்டியவை

ஒரே ரூமில் ஐந்து நாள் இருக்கப் போகிறோம் என்றால் அந்த ரூம் சரியாக இருக்க வேண்டும். ஒரு இரவுக்குப் பொறுத்துக்கொள்கிற குறையை ஐந்து இரவு பொறுக்க முடியாது. நான் போனில் கேட்பது: லிஃப்ட் உண்டா, ரிசப்ஷனுக்கு ஏற எத்தனை படி, வெஸ்டர்ன் டாய்லெட்டா, பாத்ரூம் தரை வழுக்குமா, துணி காய பால்கனியோ மாடியோ உண்டா, ரூமுக்குள் ஃப்ரிட்ஜ் உண்டா, காலை 5.30க்குப் பக்கத்தில் காபியும் இட்லியும் கிடைக்குமா. அப்புறம் முக்கியமாக, அந்த வாரத்தில் முகூர்த்தம் எத்தனை. கும்பகோணத்தில் முகூர்த்த நாளில் ரூமும் கிடைக்காது, மண்டபத்துக்குப் பக்கத்து லாட்ஜ் என்றால் தூக்கமும் கிடைக்காது. மாசி மகத்தை ஒட்டியும் கூட்டம் இருக்கும். 2028இல் மகாமகம் வருகிறது, அந்த வருஷ மாசி மாதத்தில் ரூம் வேண்டும் என்றால் வெகு முன்னாலேயே பேச வேண்டும்.

முதல் இரவு மட்டும் முன்பணம் கட்டி, பார்த்த பிறகு மீதி நாலு இரவுக்கும் உறுதி சொல்கிறேன் என்று கேட்டுப் பாருங்கள். சீசன் இல்லாத நாளில் ஒத்துக்கொள்வார்கள்.

செக்-அவுட் முறையை மறக்காமல் கேளுங்கள். சில இடத்தில் பகல் 12 மணி, சில லாட்ஜில் 24 மணி நேரக் கணக்கு. ரூம் மாற்றிக்கொண்டே போகிறவர்களுக்கு 24 மணி நேரக் கணக்குதான் தோது. சாயங்காலம் 4 மணிக்குப் போய்ச் சாவி வாங்கினால் மறுநாள் 4 மணி வரை ரூம் நம்முடையது. காலையில் கோயில், நடை சாத்தியதும் ரூமில் ஓய்வு, 4 மணிக்கு அடுத்த ஊர். பகல் 12 மணிக் கணக்கு என்றால் கோயில் சாத்துகிற நேரத்தில் ரூமும் போய்விடும், நாலு மணி நேரம் வெயிலில் வண்டிக்குள் உட்கார வேண்டும். ஆனால் 24 மணி நேர லாட்ஜில் காலை 6 மணிக்குப் போய் இறங்கிவிடாதீர்கள். கடைசி நாள் 6 மணிக்கே காலி செய்யச் சொல்வார்கள். நாங்கள் கோவையிலிருந்து காலையில் கிளம்பி, திருச்சியில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, கும்பகோணத்தில் 3 மணிக்கு ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டோம். கடைசி நாள் காலை சாரங்கபாணி கோயிலுக்குப் போய்விட்டு வந்து, குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, 2.45க்குச் சாவியைக் கொடுத்தோம். அத்தையின் இன்சுலினை ரூம் ஃப்ரிட்ஜிலிருந்து அவரே எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.